எந்த நிலைப் பராமரிப்பு, எந்த வகை வளாகம்: முதியோர் குடியிருப்பைத் தேர்வதற்கு ஓர் ஒப்பீடு

பெற்றோரை முதியோர் குடியிருப்பில் சேர்ப்பது பற்றி ஒரு குடும்பம் பேசத் தொடங்கும்போது, எந்த இடம் நன்றாக இருக்கிறது என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் எழுகிறது. அறை பெரிதா, தோட்டம் இருக்கிறதா, பிள்ளைகள் வந்து போக வசதியா என்று பார்க்கிறார்கள். அவையெல்லாம் பார்க்க வேண்டியவையே. ஆனால் அவற்றுக்கு முன்னால் விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன: அங்கே வாழப்போகிறவருக்கு இன்று எவ்வளவு உதவி தேவை? அந்தத் தேவை கூடும்போது அந்த இடம் என்ன செய்யும்? இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் சேர்த்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டும் இடம் தேடி அலைகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒப்பீடு அவ்விரண்டு கேள்விகளையும் சுற்றியே செல்கிறது.

தேவையை அளப்பதற்கு ‘அம்மாவுக்கு உடம்பு பரவாயில்லை’ என்ற பொதுச் சொல் உதவாது. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் 1963 இல் வெளியிட்ட ஓர் அளவுகோல் இன்றும் முதியோர் மருத்துவத்தில் பயன்படுகிறது. குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குச் சென்று வருதல், படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுதல், சிறுநீரையும் மலத்தையும் அடக்கிக்கொள்ளுதல், தானே உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களையும் ஒருவர் பிறர் துணையின்றிச் செய்கிறாரா என்று அது கேட்கிறது. 1969 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் லாட்டனும் பிராடியும் இதற்குத் துணையாக இன்னொரு பட்டியலைத் தந்தார்கள். தொலைபேசி, கடைக்குச் செல்லுதல், சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல், பயணம், மருந்து, பணம் என்று அதில் எட்டு இனங்கள் உண்டு. சரிவு பெரும்பாலும் இந்த எட்டில்தான் முதலில் தெரியும்: ஒரே மாத்திரை ஒரே நாளில் இருமுறை விழுங்கப்பட்டிருக்கும், கட்ட வேண்டிய கட்டணம் ஒன்று இரண்டு மாதமாகக் கட்டப்படாமல் கிடக்கும். முதல் ஆறில் குளியல்தான் வழக்கமாக முதலில் கைவிட்டுப் போகிறது; தானே உண்ணும் திறன் கடைசிவரை நிற்கிறது. ஆகவே ஒருவர் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு காரணம் சொல்லிக் குளியலைத் தள்ளிப்போடத் தொடங்கியிருந்தால், அதைச் சோம்பலென்று கடந்துவிடாமல், வழுக்கி விழுந்துவிடுவோம் என்ற அச்சமாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

எட்டில் ஓரிரண்டு மட்டும் தளர்ந்து, ஆறும் உறுதியாக இருப்பவருக்குத் தன்னுரிமையோடு வாழும் குடியிருப்பு போதும். அங்கே தனி வீடோ அடுக்ககமோ இருக்கும். சமையல், துப்புரவு, கட்டடப் பராமரிப்பு வேலைகளை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். அவசர மணி ஒன்று சுவரிலோ கழுத்திலோ இருக்கும். இந்த நிலையைப் பற்றி நீளமாகச் சொல்வதற்கு அதிகமில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: இங்கே விற்கப்படுவது வசதியும் துணையும்தான். அவசர மணியை அழுத்தினால் யாரோ வருவார்கள் என்பதும், வருகிறவர் பயிற்சி பெற்ற செவிலியர் என்பதும் வெவ்வேறு உறுதிமொழிகள். சேரும்போது குடும்பத்தார் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

அடுத்த நிலையான அசிஸ்டெட் லிவிங், அதாவது உதவியுடன் வாழும் இல்லம், தேர்வதற்கு மிகக் கடினமானது. ஏனெனில் இந்த ஒரே பெயரின் கீழ் இரு இடங்கள் தரும் உதவி மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடலாம். ஓரிடத்தில் ‘மருந்து உதவி’ என்றால் வேளைக்கு வந்து நினைவூட்டுவது மட்டுமே. இன்னோரிடத்தில் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்துக் குறித்துவைப்பது. வேறோரிடத்தில் இன்சுலின் ஊசியும் போடுவார்கள். குளிப்பாட்டுதல் வாரத்திற்கு எத்தனை முறை, கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல ஒருவர் போதுமா இருவர் தேவையா, இருவர் தேவைப்படும் நிலை வந்தால் அந்த இல்லம் தொடர்ந்து ஏற்றுக்கொள்ளுமா என்பனவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இருவர் தேவைப்படும் நிலை என்பது பல இடங்களில் வாசற்படி போன்றது. அதைத் தாண்டியதும் ‘இனி எங்களால் பார்த்துக்கொள்ள இயலாது’ என்ற சொல் வரும்.

இந்த நிலையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அது உதவி மிகுவதால் வருவது. ஒருவர் தானே பத்து நிமிடத்தில் சட்டையைப் போட்டுக்கொள்வார். பணியாளர் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார். வேலை நெருக்கடியில் பணியாளர் போட்டுவிடத் தொடங்கினால், சில மாதங்களில் அந்த முதியவருக்குத் தானே போட்டுக்கொள்ளும் திறன் போய்விடும். 1976 இல் உளவியலாளர்கள் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், தங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, பொழுதை எப்படிக் கழிப்பது என்பதெல்லாம் அவர்களுடைய பொறுப்பு என்று சொல்லி, ஒரு செடியைக் கொடுத்து அவர்களையே வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு தளத்தினரிடம் எல்லாவற்றையும் பணியாளர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். அவர்களுக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் நீரூற்றியது செவிலியர்கள். சில வாரங்களில் முதல் தளத்தினர் மற்றவர்களைவிட விழிப்போடும் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். ஆகவே இரண்டு இல்லங்களை ஒப்பிடும்போது, எவ்வளவு செய்து கொடுக்கிறார்கள் என்று கேட்பதோடு, எதையெல்லாம் செய்துகொள்ள விடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காலையில் எத்தனை மணிக்கு எழுவது என்பதை அங்கு வாழ்கிறவர் முடிவு செய்கிறாரா, பணி நேர அட்டவணை முடிவு செய்கிறதா என்ற ஒரு கேள்வியிலேயே பெரும்பகுதி விளங்கிவிடும்.

செவிலியர் பராமரிப்பு நிலை இதைவிடத் தெளிவானது. குழாய் வழி உணவு, சிறுநீர்க் குழாய், ஆழமான புண்ணுக்குக் கட்டு மாற்றுதல், ஆக்சிஜன், படுக்கையை விட்டு எழ முடியாத நிலை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், இரவும் பகலும் தகுதி பெற்ற செவிலியர் உள்ள இடமே பொருத்தமானது. இங்கே ஒப்பிடுவதற்கு நல்ல அடையாளம் படுக்கைப்புண். தானே புரள முடியாதவரை நாள் முழுவதும் குறித்த இடைவெளியில் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் இடைவெளி. புரட்டிய நேரத்தைக் குறிக்கும் ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதைத் தயங்காமல் காட்டுகிற இடத்திற்கும், ‘அதெல்லாம் பார்த்துக்கொள்கிறோம்’ என்று மட்டும் சொல்கிற இடத்திற்கும் உள்ள வேறுபாடு, பளபளக்கும் வரவேற்பறையில் தெரியாது.

மறதிநோய்ப் பராமரிப்பைத் தனி நிலையாகவே எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 இல் உலகெங்கும் 5.7 கோடிப் பேர் டிமென்ஷியா எனப்படும் மறதிநோயோடு வாழ்ந்தார்கள். அவர்களில் 60 முதல் 70 விழுக்காடு அல்சைமர் வகையினர். இவர்களில் பலர் உடலால் திடமானவர்கள். நடப்பார்கள், உண்பார்கள், உடுத்துவார்கள். காட்ஸின் ஆறு செயல்களில் ஐந்தைச் செய்கிற ஒருவர், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடவும், நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு எங்கோ புறப்பட்டுவிடவும் கூடும். ஆகவே உடல் தேவையை மட்டும் வைத்து இவரைத் தன்னுரிமைக் குடியிருப்பில் சேர்ப்பதும் தவறு, செவிலியர் பிரிவில் படுக்கையோடு படுக்கையாகச் சேர்ப்பதும் தவறு.

இவருக்கு வேண்டியது வழி தவறாத கட்டட அமைப்பு, சுற்றி வந்து புறப்பட்ட இடத்திற்கே சேரும் நடைபாதை, மாறாத முகங்கள், பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடுவதை அறிந்து அந்த வேளைக்கு ஆள் கூட்டி வைக்கிற நிர்வாகம். நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009 இல் முழு வடிவம் பெற்ற ஹோகவைக் குடியிருப்பு இந்த எண்ணத்தை ஒரு சிற்றூர் அளவுக்கு விரித்துக் காட்டியது. சிறு குழுக்களாக வீடுகளில் வாழும் மறதிநோயாளர்கள், வளாகத்துக்குள்ளேயே இருக்கும் தெருவிலும் கடையிலும் திரிந்து வரலாம். எல்லா இடத்திலும் அப்படி ஒன்றை எதிர்பார்க்க முடியாது. ஆனால் பூட்டிய கதவுக்குள் ஒரு தொலைக்காட்சியும் வரிசையாக நாற்காலிகளும் மட்டும் இருக்கும் கூடத்தை ‘மெமரி கேர்’, அதாவது மறதிநோய்ப் பராமரிப்பு, என்று அழைத்தால் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டியதில்லை. பதற்றத்தை அடக்க மருந்து கொடுப்பார்களா என்பதையும் இங்கே கேட்டாக வேண்டும். மறதிநோயுள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் சில இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005 இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. முதலில் வலியா, மலச்சிக்கலா, தூக்கமின்மையா என்று தேடிப் பார்த்த பிறகே மருந்தை எடுக்கிற இடம் நம்பத்தக்கது.

இவை எல்லாவற்றுக்கும் எதிரே, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது என்ற வழியும் இருக்கிறது. பகலில் சில மணி நேர உதவி போதும் என்றால் வீடுதான் பெரும்பாலும் சிறந்தது. பழகிய சுவரும் சன்னலும் தரும் நிம்மதியை எந்த வளாகமும் தந்துவிட முடியாது. இரவிலும் ஆள் வேண்டும் என்ற கட்டம் வரும்போது கணக்கு மாறுகிறது. ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் நிரப்ப இரண்டு அல்லது மூன்று பேர் மாறி மாறி வர வேண்டும். அவர்களில் ஒருவர் வராத நாளில் மகளோ மருமகளோ விடுப்பு எடுக்க வேண்டும். அந்தச் சுமை தாங்குகிறவருடைய உடல்நலத்தையும் சேர்த்து ஒப்பிடாவிட்டால் அது நேர்மையான ஒப்பீடாகாது.

நிலைகளை இப்படிப் பிரித்த பின், எல்லா நிலைகளும் ஒரே வளாகத்தில் உள்ள இடத்தைத் தேர்வதா, இன்றைய தேவைக்கு மட்டும் பொருந்தும் தனி இல்லத்தைத் தேர்ந்து, தேவை மாறும்போது இடம் மாறுவதா என்ற முடிவு எஞ்சுகிறது. பல நிலை வளாகத்தின் பெரிய நன்மை, இடமாற்றத்தின் அதிர்ச்சி குறைவது. வயது முதிர்ந்தவரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது எளிதான செயலன்று. புதிய அறையில் இரவில் கழிப்பறையைத் தேடி விழுவது, பசி குறைவது, யாரோடும் பேசாமல் ஒடுங்கிவிடுவது எல்லாம் அதனால் நேர்கின்றன. அதே வளாகத்தில் பிரிவு மாறினால், சாப்பாட்டுக் கூடத்து நண்பர்கள் வந்து பார்ப்பார்கள், தெரிந்த செவிலியர் இருப்பார். தனி இல்லத்தின் நன்மை வேறு விதமானது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லாத சிறிய வீட்டில் பணியாளருக்கு ஒவ்வொருவருடைய பழக்கமும் மனப்பாடம். ஒருவர் இன்று வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டார் என்பது அன்றே தெரிந்துவிடும். 2003 இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து டூபெலோ நகரில் தொடங்கிய ‘கிரீன் ஹவுஸ்’ வீடுகள், செவிலியர் பராமரிப்பையே இப்படிச் சிறு வீட்டு அளவில் தர முடியும் என்று காட்டின.

கணவனும் மனைவியுமாகச் சேர்பவர்கள் என்றால் நான் தயங்காமல் பல நிலை வளாகத்தின் பக்கம் சாய்வேன். இருவரும் ஒரே வேகத்தில் முதுமையடைவதில்லை. என் அத்தையும் மாமாவும் தன்னுரிமை நிலை மட்டுமே உள்ள ஓர் அழகான குடியிருப்பில் சேர்ந்தார்கள். மாமாவுக்குப் பார்க்கின்சன் நோய் முற்றியபோது, ஒரு மாத அவகாசத்தில் வேறிடம் பார்த்துக்கொள்ளுமாறு சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அத்தை ஒரு வீட்டிலும் மாமா ஒரு செவிலியர் இல்லத்திலும் இருந்தார்கள். அத்தை நாள்தோறும் போக வர மூன்று மணி நேரம் பயணம் செய்தார். இரண்டும் ஒரே மதிலுக்குள் இருந்திருந்தால், காலையில் அவருக்குத் தலைவாரிவிட்டு, மதியம் உறங்கிவிட்டு, மாலையில் மீண்டும் போய் அமர்ந்திருக்க முடிந்திருக்கும். மாறாக, துணையை இழந்து தனியாக இருப்பவர், தேவையும் தெளிவாக ஒரே வகையானது, குறிப்பாக முற்றிய மறதிநோய் என்றால், பெரிய வளாகத்தின் நீச்சல்குளத்துக்கும் நூலகத்துக்கும் பணம் கட்டுவதைவிட, மகனோ மகளோ அடிக்கடி வந்து போகக்கூடிய தொலைவில் உள்ள சிறிய சிறப்பு இல்லமே மேல்.

பல நிலை வளாகத்தை விரும்புகிறவர்கள் விளம்பரத் தாளை மூடிவைத்துவிட்டு ஒப்பந்தத்தைத் திறந்து படிக்க வேண்டும். இத்தகைய ஒப்பந்தங்கள் பொதுவாக மூன்று வகைப்படும். ஒன்றில் சேரும்போதே பெரிய தொகை கட்டிவிட்டால், பின்னாளில் உயர்நிலைப் பராமரிப்புக்குப் போனாலும் மாதக் கட்டணம் அதற்காகப் பெரிதாக உயராது. இன்னொன்றில் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் உயர்நிலைப் பராமரிப்பு அடங்கும். அதன்பின் தனிக் கட்டணம். மூன்றாவதில் தொடக்கத் தொகை குறைவு, ஆனால் ஒவ்வொரு நிலைக்கும் அன்றைய விலையை முழுமையாகச் செலுத்த வேண்டும். முதல் வகை காப்பீடு போன்றது. நீண்ட நோயை அஞ்சுகிறவருக்கு அது நிம்மதி தரும், ஆனால் அந்த நிறுவனம் பல ஆண்டுகள் நொடிந்துபோகாமல் இருந்தால்தான் அந்த நிம்மதிக்குப் பொருள் உண்டு. ஆகவே அதன் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளைக் கேட்பது அவமரியாதை ஆகாது. மேலும், எந்த வகையானாலும், ‘உயர்நிலைப் பராமரிப்பு இருக்கிறது’ என்பதும் ‘தேவைப்படும் நாளில் உங்களுக்கு அங்கே படுக்கை கிடைக்கும்’ என்பதும் வேறு வேறு. முன்னுரிமை எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாற வேண்டும் என்று முடிவு செய்பவர் யார் என்பதும் அதே ஒப்பந்தத்தில்தான் இருக்கும். நிர்வாகம் மட்டும் முடிவு செய்யுமா, மருத்துவர் மதிப்பிடுவாரா, குடும்பம் வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற அவகாசம் உண்டா? மருத்துவமனையில் சில வாரம் இருக்க நேர்ந்தால் அறையைக் காத்து வைப்பார்களா, அதற்குக் கட்டணம் உண்டா? இடையில் வெளியேறினாலோ இறந்துவிட்டாலோ முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும்? இவற்றுக்கு வாய்மொழி விடை போதாது.

இடங்களை நேரில் ஒப்பிடும்போது இரவைப் பற்றிக் கேளுங்கள். விழுந்துவிடுவதால் உலகெங்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் மிகுதியானோர் அறுபதைக் கடந்தவர்கள். படுக்கைக்கும் கழிப்பறைக்கும் இடையே உள்ள சில அடிகள், தூக்கக் கலக்கத்தில், மங்கிய வெளிச்சத்தில், பகலில் இல்லாத அபாயமாக மாறிவிடுகின்றன. அந்த நேரத்தில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள், அவர்கள் விழித்திருந்து பணி செய்பவர்களா, உறங்கிக்கொண்டிருந்து அழைத்தால் வருபவர்களா என்பதைத் தெரிந்துகொண்டால், பகலில் ஒன்றுபோல் தோன்றிய இரு இல்லங்கள் தெளிவாகப் பிரிந்துவிடும்.

எப்போது முடிவு செய்வது என்பதும் எதை முடிவு செய்வது என்பதைப் பாதிக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், அவசர அவசரமாக முடிவு எடுக்கின்றன. அந்த நாளில் முதியவர் தம் உண்மையான நிலையில் இருப்பதில்லை. கிருமித் தொற்றாலும் புதிய மருந்துகளாலும் வரும் திடீர்க் குழப்பம் மறதிநோய் போலவே தோன்றும். ஆனால் அது பெரும்பாலும் நாள்களிலோ வாரங்களிலோ தெளியக்கூடியது. தசையும் இழக்கப்பட்டிருக்கும்: 2007 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நலமாக இருந்த முதியவர்களே பத்து நாள் படுக்கையில் இருந்ததும் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ மெலிந்த திசுவை இழந்தார்கள். அன்று பார்த்துச் செவிலியர் பராமரிப்புதான் வேண்டும் என்று நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், பிசியோதெரபியால் எழுந்து நடந்திருக்கக்கூடிய ஒருவரைப் படுக்கையோடு கட்டிப்போட்டுவிடலாம். பல இல்லங்கள் குறுகிய காலத் தங்கலை அனுமதிக்கின்றன. நான்கு முதல் ஆறு வாரம் அப்படித் தங்கவைத்து, உடற்பயிற்சி கொடுத்து, அதன்பின் அந்த ஆறு செயல்களையும் மீண்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து நிலையை முடிவு செய்யலாம்.

அந்தக் குறுகிய தங்கலின்போது, சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள். அழைப்பு மணி ஒலித்ததும் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார், வருகிறவர் அறைக்குள் நுழையும் முன் கதவைத் தட்டுகிறாரா, உங்கள் அம்மாவைப் பெயர் சொல்லி விசாரிக்கிறாரா, அறை எண் சொல்லியா என்று கவனியுங்கள். பிறகு, அங்கே தொடர்ந்து இருக்க விருப்பமா என்று அவரிடமே தனியாகக் கேளுங்கள். விடை சொல்ல அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை முழுமையாக அவருக்குக் கொடுங்கள்.